ரோட்டோரத்து விறகடுக்கு

கோரின் என்கிறவள் வீட்டைத் தாண்டாமல் வெர்னா ஓரிடத்துக்கும் போக முடியாது. கடைக்கும் தபால் ஆபீசுக்கும் சர்ச்சுக்கும் அந்த ஒரு ரோடுதான். அதனால் அந்த வருஷம் பனி உருகியதிலிருந்து செப்டம்பர் வரைக்கும் வாரத்தில் நாலைந்து தடவையாவது அவள் வயிறு எரிந்தது. கோரின் வீட்டு முன்னால், ரோட்டை ஒட்டிய வெயில் மேட்டில், ஒரு விறகடுக்கு வளர்ந்துகொண்டே வந்தது. அதை அடுக்கிக்கொண்டிருந்தது வெர்னாவின் புருஷன் வெண்டல்.

எங்கள் ஊர் டிபெட்ஸ் மேட்டில் ஒருத்தரின் லட்சணம் தெரிய வேண்டுமென்றால் அவர்கள் வாசல் விறகைப் பார்த்தால் போதும், பேசிப் பார்க்க வேண்டியதில்லை. அடுக்கு சாய்கிறதா, மேல் வரிசையில் பட்டை மேலே பார்த்திருக்கிறதா, மழை உள்ளே இறங்குமா என்று வண்டியில் போகிற போக்கிலேயே மார்க் போட்டுவிடுவார்கள். முப்பது வருஷமாக அதில் முதல் மார்க் வெர்னாவுக்குத்தான். வெண்டல் காட்டிலிருந்து கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். அடுக்குவதெல்லாம் அவள். இரண்டு முனையிலும் விறகைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் சதுரத் தூண் எழுப்புவாள். அந்தத் தூண்களின் நடுவில் ஒரு வரிசை மட்டும் பர்ச் விறகு, வெள்ளைப் பட்டை வெளியே தெரிகிற மாதிரி. அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் இது வெர்னா கைவேலை என்று ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவார்கள், அது கேலிக்கு. ஊரில் எல்லாரும் விறகைப் பதினாறு அங்குலத்துக்கு வெட்டுவார்கள், நிலவறையில் வீட்டைச் சூடாக்கப் பெரிய உலை வைத்திருப்பவர்கள் இருபதுக்கு மேலும் போவார்கள். வெர்னாவின் சமையலறையில் இருப்பது கல்யாணமான புதிதில் ஏலத்தில் எடுத்த நீல நிறக் குட்டி அடுப்பு. பதினாலு அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் கூடினாலும் அதன் கதவு மூடாது. வேறு அடுப்பு வாங்கலாம் என்று வெண்டல் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். அவள் வீட்டு விறகுக்கு ஊர் வைத்த பேர் தீக்குச்சி.

இருபது வருஷம் செருப்புத் தொழிற்சாலையில் தோலைக் கையால் தைத்ததில் வெர்னாவின் மணிக்கட்டு இரண்டும் கெட்டுப்போயிருந்தன. போன இலையுதிர் காலத்தில் வலது கையைக் கீறித் தைத்தார்கள். இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, வெண்டல் ஒன்றும் பேசாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு நின்றான். அவன் எப்போதுமே அப்படித்தான். பேச்சு வந்தால் காசு போய்விடும் போல இருப்பான்.

டிசம்பரில் ஒரு பெருங்காற்று அடித்தது. மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர்களுக்குக் காற்று புதிதல்ல. ஆனால் அந்தத் தடவை தரை உறையவே இல்லை, மழையில் ஊறி மெத்தென்று கிடந்தது, அதனால் மரங்கள் முறியாமல் வேரோடு சாய்ந்தன. கோரின் வீட்டுக் காட்டில்தான் சேதம் அதிகம். மேப்பிள், பர்ச், ஆஷ் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பின்னிக்கொண்டு கிடந்தன. பெரிய இயந்திரம் வைத்திருக்கிற ஆட்களைக் கூப்பிட்டால் மீதி நிற்கிற மரங்களையும் உரசித் தரையையும் உழுதுவிட்டுப் போவார்கள். வெண்டலிடம் ஒரு சின்ன ஆரஞ்சு டிராக்டர் இருந்தது. பழையதாக வாங்கியது. வந்த அன்றைக்கு அதைப் பொம்மை என்று கிண்டல் செய்தவள் வெர்னாதான். இப்போது அந்தப் பொம்மைக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டும். பின்னால் கம்பி வடம் சுற்றும் வின்ச், முன்னால் அள்ளும் வாளி, கூடவே விறகு பிளக்கும் மெஷின். இரண்டு மரத்துக்கு நடுவே நுழைந்து விழுந்த ஒரு மரத்தை மட்டும் பதமாக இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஊரில் பாதிப்பேர் அவனைக் கூப்பிட்டார்கள்.

அவன் முதலில் போனது கோரின் வீட்டுக்கு.

கோரினும் வெர்னாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. வெண்டல் வெர்னாவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்கக் கோரினோடு நடனத்துக்குப் போனவன். அதெல்லாம் முப்பத்தைந்து வருஷத்துக் கதை, ஊரே மறந்துபோனது. வெர்னா மறக்கவில்லை. கோரினின் புருஷன் லெஸ்டர் உயிரோடு இருந்த வரைக்கும் அது அடியில் கிடந்தது. அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கோரின் தனியாக இருக்கிறாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, முன்னைவிடக் கொஞ்சம் இளைத்து, பார்க்கவும் நன்றாக இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்பதை வெர்னாவே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான் கொடுமை.

மார்ச் மாதம் ஒருநாள் கடைக்குப் போகும்போது வெர்னா அதைப் பார்த்தாள். வேரோடு சாய்ந்த ஒரு பெரிய மேப்பிள், அதன் வேரும் மண்ணும் சுவர் மாதிரி எழும்பி நின்றன. வெண்டல் மெஷின் ரம்பத்தை அணைத்துவிட்டுக் கோரினிடம் நடந்துபோனான். அவள் முழங்கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் கூட்டிப்போய் டிராக்டருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினான். அடிமரத்தை அறுத்ததும் அந்த வேர்ச்சுவர் சட்டென்று திரும்பி நிமிரும், பக்கத்தில் நிற்பவரை நசுக்கிவிடும் என்று வெர்னாவுக்கும் தெரியும். அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவள் கண்ணில் நின்றது முழங்கை மட்டும்தான். வாங்கப் போன சாமானில் பாதியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மே மாதம் அடுக்கு ஆரம்பமானது. வீட்டுக்குப் பின்னால் ஒரு குவியல் இருந்தது, கரடுமுரடாகக் கொட்டிவைத்தது. அதை ரோட்டிலிருந்து ஓரம் மட்டும் பார்க்கலாம், அது வெர்னாவை ஒன்றும் செய்யவில்லை. முன்பக்க மேட்டில் இருந்ததுதான் அவளைப் படுத்தியது. வெண்டல் ஒவ்வொரு விறகாக எடுத்து, புரட்டிப் பார்த்து, இடம் தேடி வைத்துக்கொண்டிருந்தான். தன் வீட்டில் முப்பது வருஷம் கொட்டிவிட்டுப் போனவன். அவள் குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிய அடுக்கும்போது ஒருநாள் கூட வந்து ஒரு துண்டைத் தூக்கிக் கொடுக்காதவன்.

ஜூன் மாதம் அடுக்கின் முனைகளில் தூண்கள் எழுந்தன. சதுரமாக, குறுக்கும் நெடுக்குமாக. அடுத்த வாரம் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு.

வெர்னா வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டாள். பின்னால் வந்த தபால் வண்டி ஹாரன் அடித்தது. அவளுக்குக் கேட்கவில்லை. அவளுடைய தூண், அவளுடைய பர்ச் வரிசை. ஒரு பூவைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். தன் கையில் இருந்ததைத் திருடிக் கொண்டுபோய் இன்னொருத்தி வாசலில் வைத்திருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று பார்க்க அவள் மானம் இடம் கொடுக்கவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் விறகின் வெட்டுமுகம்தான் தெரியும். வட்டமும் முக்கோணமுமாக வரிசை வரிசையாக. வண்டியிலிருந்து நீளத்தைக் கணிக்க முடியாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வெண்டல் தானாகவே வாயைத் திறந்தான். அது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற விஷயம்.

"அந்தக் கோரின் வீட்டு விறகு இருக்கே, வெர்னா..."

"கோரின் வீட்டுச் சமாச்சாரம் எதையும் எங்கிட்ட பேசாத. விறகும் வேண்டாம், வெங்காயமும் வேண்டாம்."

அவன் உருளைக்கிழங்கைப் பார்த்தான். பிறகு சரி என்று தலையாட்டினான். பேசாதே என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அது அவனுக்கு வரம் மாதிரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆகஸ்டில் ஒருநாள், நம் வீட்டு முற்றம் காலியாகக் கிடக்கிறதே, நமக்கு விறகு உண்டா இல்லையா என்று அவள் கேட்டதற்கு, வரும் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டான். ஊராருக்கு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் நமக்கு ஈர விறகைக் கொண்டுவந்து கொட்டுவான், பனிக்காலம் முழுக்கப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று அவள் உள்ளுக்குள் பொருமினாள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் பீன்ஸ் விருந்து. முதல்நாள் ராத்திரியே பானையில் ஏற்றி விடிய விடிய வேகவைத்த பீன்ஸ் கொட்டை, ஆவியில் அவித்த பழுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ், ஒரு மேஜை நிறைய, பழத்தை மாவில் பொதிந்து சுட்ட பை. கோரின் புளூபெர்ரி பை கொண்டுவந்திருந்தாள். வெண்டல் அதில் இரண்டாவது துண்டு எடுத்ததை வெர்னா பார்த்தாள். வெர்னா கொண்டுவந்த ஆப்பிள் பையில் அவன் ஒரு துண்டுதான் எடுத்திருந்தான்.

சாப்பாடு முடிகிற சமயத்தில் ஹாலிஸ் எழுந்து நின்றார். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மைக் தேவைப்படாத தொண்டை. ஊர் விறகு வங்கியின் சாவி அவரிடம்தான். மிச்சம் இருப்பவர்கள் அங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள், இல்லாதவர்கள் எடுத்துக்கொள்வார்கள், யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வருஷம் காடெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, அறுத்துப் பிளந்து காயவைக்க ஆள் இல்லாமல் வயசானவர்கள் தவிக்கிறார்கள், கொட்டகை பாதிகூட நிறையவில்லை, காய்ந்த விறகு இருப்பவர்கள் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

வெர்னா எழுந்தாள். எழுவதற்கு முன்னால் அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். ஜூனிலிருந்தே யோசித்து வைத்திருந்தாள்.

"ஏன் ஹாலிஸ் அலையணும்? கோரின் வீட்டு வாசல்லயே ரோட்டோரம் ஒரு அடுக்கு நிக்குதே. நல்லா காஞ்சது. அவளுக்குத்தான் பின்னாடி வேற ஒரு குவியல் கெடக்கு. ஒண்டிக்கட்டைக்கு எத்தனை விறகு வேணும்? ஊருக்குன்னா அவ இல்லைன்னா சொல்லப்போறா."

எல்லார் முகமும் கோரின் பக்கம் திரும்பியது. கோரினின் கரண்டி பாதி வழியில் நின்றது. "வெர்னா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் வெண்டலைப் பார்த்தாள். வெண்டல் தலையை மிக லேசாக அசைத்தான், வேண்டாம் என்பது போல. கோரின் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தத் தலையசைப்பை வெர்னா பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்தது அதுதான். ஒரு சொல் இல்லாமல் ஒருத்திக்கு ஒருத்தன் விஷயம் சொல்கிறான், அவளும் புரிந்துகொள்கிறாள். தன்னிடம் பேசவே காசு கேட்கிற மனுஷன், அங்கே தலையசைப்பிலேயே குடித்தனம் நடத்துகிறான். அவளுக்குக் காது இரண்டும் சுட்டன.

வெண்டல் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் டிரக்க கொண்டாங்க ஹாலிஸ். நான் டிராக்டர்ல அள்ளிப் போட்டுடறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். கோரின் வீட்டு விறகுக்கு இவன் பதில் சொல்கிறான், இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெர்னாவும் தட்டினாள். கை வலித்தது.

மறுநாள் அவள் சர்ச்சுக்குப் போட்டுப்போன நல்ல கோட்டைக் கழற்றாமலே கோரின் வீட்டுக்குப் போனாள். அந்த அடுக்கு பிரிவதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். டிசம்பரிலிருந்து அந்த மண்ணில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. மூன்று டிரக் வந்திருந்தன. ஆண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி விறகை ஏற்றினார்கள். தொலைவில் விழுந்ததை வெண்டல் டிராக்டர் வாளியில் அள்ளிக் கொட்டினான். ஒரு முனைத் தூண் சரிந்தபோது வெள்ளைப் பர்ச் துண்டுகள் புல்லில் உருண்டன. அவளுக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. ஆனால் வழக்கமாக ஏதாவது வம்பு பேசிச் சிரிக்கிற கூட்டம் அன்றைக்குக் கப்சிப்பென்று வேலை செய்ததைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை சோம்பல் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் டிரக் நிறைந்து இரண்டாவது பாதி வந்தபோது அவளால் சும்மா நிற்க முடியவில்லை. விறகு கைமாறும் இடத்தில் வெறுங்கையோடு நின்று பழக்கமில்லாதவள். வரிசையில் ஒரு இடைவெளி தெரிந்தது, போய் நின்றாள். பக்கத்து ஆள் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு சின்னத் துண்டைக் கொடுத்தான். அவள் இடதுகையில் வாங்கினாள்.

வாங்கியதும் விறகு தானாகவே அவள் முன்கையில் படுத்தது. ஒரு முனை முழங்கை மடிப்பில், மறுமுனை உள்ளங்கை நடுவில். முப்பது வருஷமாக அவள் ஒவ்வொரு விறகையும் அப்படித்தான் அளப்பாள். நடு உள்ளங்கையைத் தாண்டினால் அடுப்புக்கு ஆகாது, வெண்டலிடம் திருப்பி அனுப்புவாள். இது தாண்டவில்லை. அடுத்ததை வாங்கிப் பார்த்தாள், தாண்டவில்லை. அதற்கடுத்ததும் அதே அளவு. அவள் வரிசையை விட்டு விலகி, விறகைக் கையோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த குவியலுக்குப் போனாள். அங்கே இருந்தவையெல்லாம் கை நீளத்துக்கு இருந்தன, கோரின் வீட்டு நிலவறை உலைக்கு வெட்டியவை.

கோரின் பின்கதவுப் படியில் நின்றுகொண்டிருந்தாள். காப்பிக் கோப்பைகளைக் கழுவ எடுத்து வந்தவள், வெர்னாவைப் பார்த்ததும் அவற்றைப் படியிலேயே வைத்துவிட்டாள்.

"இது யாரோடதுடி?" என்றாள் வெர்னா. தெரிந்துதான் கேட்டாள்.

"உன்னோடதுதான். பாதிக்குப் பாதின்னு பேச்சு. எனக்கு நீட்டு விறகு, உனக்குக் குட்டை. உங்க முற்றத்துல பைன் மர நிழல், பச்சை விறகு ஒரு கோடையில காயாது, இங்க மேட்டுல வெயிலும் காத்தும் இருக்கு, காயட்டும்னு வெச்சான். அக்டோபர்ல வாளி வாளியா கொண்டுபோறதா இருந்தான்."

"அதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னியாமே. நேத்து நான் சொல்லத்தான் வாயத் திறந்தேன். அவன்தான் தடுத்துட்டான். அத்தனை பேர் முன்னாடி நீ தலை குனிஞ்சு நிக்கறத அவனால பாக்க முடியாது. முட்டாப்பய. சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

முட்டாப்பய என்று சொல்கிற உரிமை இவளுக்கு யார் கொடுத்தது என்று அந்த நிலைமையிலும் வெர்னாவின் மனசில் ஒரு மூலை எரிந்தது. அவ்வளவு அழுத்தமான பொறாமை அது. திரும்பி முன்பக்கம் வந்தாள்.

இரண்டாவது டிரக் கிளம்பிப் போயிருந்தது. ஹாலிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, மீதியும் ஒரு டிரக் வரும், அதையும் ஏற்றவா இல்லை விடவா என்று கேட்டார். வெண்டலைப் பார்த்துக் கேட்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு டிரக் விறகு மிஞ்சியிருக்கும், பாதிப் பனிக்காலம் தாண்டியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் நேற்றுச் சொன்னதற்கும் காரணம் சொல்ல வேண்டும். அது அவளால் முடியாது.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க."

பிறகு டிராக்டர் பக்கம் போனாள். வெண்டல் எஞ்சினை அணைக்காமல் மெதுவாக ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த விறகை அவள் அவனுக்குக் காட்டினாள்.

"பதினாலா?"

"பதினாலு."

"நீ எப்பவும் கொட்டிட்டுப் போறவன்தானே. இத ஏன் இப்படி உக்காந்து அடுக்கின?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். தொப்பியைத் திருப்பி வைத்தான்.

"உன் கை."

வாளியை இறக்கி, சிதறிக் கிடந்த பர்ச் துண்டுகளை அள்ளப் போய்விட்டான். வெர்னா நல்ல கோட்டோடு அந்த மேட்டில் நின்றாள். அழுகை வந்தது, அழவில்லை. அங்கே அத்தனை பேர் இருந்தார்கள்.

கோரின் காட்டில் ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்த ஆஷ் மரங்கள் மட்டும் பாக்கி இருந்தன. ஆஷ் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காத மரம், அறுத்த வருஷமே ஒருமாதிரி எரியும். அக்டோபர் முழுக்க வெண்டல் அதை வின்ச் போட்டு ஓடையைத் தாண்டி இழுத்தான். வெர்னாவும் கூடப் போனாள். பிளக்கும் மெஷினின் நெம்புகோலுக்கு இடதுகை ஒன்று போதும். அவன் துண்டை வைப்பான், அவள் இழுப்பாள், ஆப்பு இறங்கும், விறகு இரண்டாகப் பிளந்து விழும். அவள் மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் கோரின் பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து, கேட்காமலே வெண்டலின் கோப்பையில் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டாள்.

"அவன் இப்பல்லாம் ஒண்ணுதான் போட்டுக்கறான்" என்றாள் வெர்னா.

வெண்டல் அந்த இரண்டு கரண்டிக் காப்பியைக் குடித்து முடித்தான். கோரினிடம் அவள் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியது இருந்தது.

ஜனவரியில் குளிர் கொன்றது. ஆஷ் எரிந்தது, ஆனால் சீறிச் சீறி எரிந்தது, சூடு பத்தவில்லை. குவியலும் வேகமாகக் குறைந்தது. சமையலறையைத் தவிர மற்ற அறைகளை மூடிவிட்டு இருவரும் அடுப்பைச் சுற்றியே கிடந்தார்கள். விறகு வங்கிக்குப் போய் நிற்கலாம் என்று வெண்டல் சொல்லவில்லை. அவள் செத்தாலும் போக மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹாலிஸின் டிரக் ரிவர்ஸில் வந்து முற்றத்தில் நின்றது. கேட்காமல் கொள்ளாமல் பின்பலகையைத் திறந்துவிட்டுக் கொட்ட ஆரம்பித்தார். வெர்னா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். எங்களுக்குத் தர்மம் வேண்டாம் என்று சொல்ல வந்தவள், காலடியில் உருண்ட துண்டைப் பார்த்து நின்றாள். பர்ச், வெள்ளைப் பட்டை, குட்டை.

"கடைசி டிரக்" என்றார் ஹாலிஸ். "கொட்டகையில பின்னால தனியா போட்டு வெச்சிருந்தேன்."

"ஏன்?"

"ஏனா? இந்த ஊர்ல தீக்குச்சி எரிக்கறது யாரு? மூணாவது துண்டு கைக்கு வந்தப்பவே லைன்ல நின்ன அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஊரான் விறகுன்னு நீ தானம் பண்ணியே, அது உன் விறகுன்னு உனக்கு யாரு சொல்றது? எனக்கு அவ்வளவு தைரியம் கெடையாது."

வெர்னாவுக்கு முகம் கொதித்தது. கப்சிப்பென்று வேலை செய்த அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. பக்கத்து ஆள் தயங்கியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த மேட்டில் விஷயம் தெரியாமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

"ஊருக்குக் குடுத்தது குடுத்ததுதானே" என்றாள். "வேற யாருக்காவது வேண்டியிருக்கும்."

"அதுக்குப் பதிலு அன்னிக்கு சாயங்காலமே வந்துடுச்சு. கோரின் தன் நீட்டு விறகுல ஒரு டிரக் ஏத்திவிட்டா. இத உனக்குன்னு எடுத்து வெக்கச் சொன்னதும் அவதான். தான் சொன்னதா சொல்லாதீங்கன்னா. நான் எதையும் உள்ள வெச்சுக்கற ஆள் இல்லன்னு அவளுக்குத் தெரியாதா என்ன."

டிரக் போன பிறகு வெர்னா இடதுகையால் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் வைக்கத் தொடங்கினாள். வெண்டல் வந்து மறுமுனையில் தூண் எழுப்பினான். அவன் தூண் நேராக இருந்தது. அதை அவள் பார்த்தாள், முதல் தடவையாகப் பக்கத்திலிருந்து. இவ்வளவு நாள் கோரின் வாசலில் நின்றது இது, இனி இங்கே நிற்கும் என்று நினைத்தபோது சந்தோஷத்தோடு அந்தப் பழைய எரிச்சலும் கூடவே வந்தது. கோரின் தன் விறகைக் கொடுத்துவிட்டு நாலு மாதம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள். அதையாவது விட்டுக் கொடுத்திருக்கலாம், நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டுவிட்டாள்.

உள்ளே போய் அடுப்பில் இரண்டு துண்டு பர்ச் வைத்தாள். கதவு சுலபமாக மூடியது. கொஞ்ச நேரத்தில் சமையலறை முழுக்கச் சூடு பரவியது, வெண்டல் மேல்சட்டையைக் கழற்றினான்.

"கோரின் வீட்ல இப்ப விறகு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். "பத்தாது."

"சனிக்கிழமை பீன்ஸ் போடறேன். அவள சாப்பிட வரச்சொல்லணும். வந்தா நாலு வார்த்தை பேசணும். அவகிட்ட நான் சொல்ல வேண்டியது இருக்கு."

வெண்டல் தலையாட்டிவிட்டுச் சுவரில் இருந்த போனை எடுக்கப் போனான். நம்பரை அவன் பார்க்காமலே அழுத்த ஆரம்பித்ததை வெர்னா கவனித்தாள். எழுந்து போய் அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நீ வை. நானே பேசறேன்."